ஆண் பெயருக்குள் ஒளிந்திருக்கும் பெண்கள்

இங்கிலீஷ் அகராதி வாங்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் எடுத்துப் போடும் தடித்த புத்தகங்களில் ஒன்றின் மேல் "வெப்ஸ்டர்" என்று அச்சிட்டிருக்கும். அது ஒரு மனிதரின் பெயர்.

முழுப் பெயர் நோவா வெப்ஸ்டர். அமெரிக்காவில் 1758-ம் ஆண்டு பிறந்தவர். அப்பா விவசாயி. மகன் படித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு புத்தகம் எழுதினார். பிறகு அகராதி எழுத உட்கார்ந்தார். இருபது வருஷம் பாடுபட்டு, 1828-ம் ஆண்டு அதை வெளியிட்டார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 70 வயது. அகராதியில் இருந்த சொற்கள் சுமார் 70 ஆயிரம்.

இத்தனை சொற்களுக்கு அர்த்தம் சொன்ன மனிதரின் சொந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

"நெசவு நெய்கிறவள்."

ஆம். நெய்கிறவன் அல்ல, நெய்கிறவள்!

இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எத்தனையோ ஆண்கள் வாழ்கிறார்கள். கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவர்கள் ஒரு பெண்ணின் தொழிலை எழுதுகிறார்கள். அது அவர்களில் பல பேருக்குத் தெரியாது.

குடும்பப் பெயர் அப்பா வழியில் வருவது, அது ஆண்பிள்ளையின் சொத்து, கல்யாணம் ஆனதும் பெண் அதை ஏற்றுக்கொள்வதுதான் முறை என்று அந்த நாடுகளில் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவரின் பெயர் வெப்ஸ்டர் என்று இருந்தால், அவர் பேச்சுக்கு அவர் பெயரே எதிர்ச் சாட்சி!

பட்டப் பெயர் ஏட்டில் ஏறியது

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துப் போடுகிறோம். அது அப்பா பெயரின் முதல் எழுத்து. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். இங்கிலீஷ்காரர் வழக்கம் வேறு. அவர்கள் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் வரும். தாத்தா, மகன், பேரன் எல்லோருக்கும் அது ஒன்றேதான்.

ஆதியில் அவர்களுக்கும் அது கிடையாது. ஜான் என்றால் வெறும் ஜான்தான். ஒரே ஊரில் ஆறு ஜான் இருந்தால் என்ன செய்வது? குன்றுப் பக்கம் குடியிருக்கிற ஜானை "ஜான் ஹில்" என்றார்கள். இரும்பு அடிக்கிற ஜான், "ஜான் ஸ்மித்". இப்படி அடையாளத்துக்காக வைத்த பட்டப் பெயர்கள்தான் எல்லாம்.

1066-ம் ஆண்டு நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அவர்களில் பெரிய பிரபுக்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துப் பரம்பரையாக வைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக் குடியானவன் வீடு வரை வர, சுமார் முந்நூறு வருஷம் பிடித்தது.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. வரி வாங்க வேண்டும் என்றால் எந்த ஜான் என்று தெரிய வேண்டுமே! 1377, 1379, 1381 என்று மூன்று தடவை இங்கிலாந்தில் தலைவரி போட்டார்கள். 1379-ல் 16 வயது ஆன ஏழைக்கும் 4 பென்ஸ் வரி. கணவன் மனைவி என்றால் இருவருக்கும் சேர்த்து 4 பென்ஸ். மூன்றாம் தடவை தலைக்கு 12 பென்ஸ் என்று ஏற்றினார்கள். குடியானவர்கள் பொறுக்க முடியாமல் கலகம் செய்து லண்டனுக்குள் புகுந்துவிட்டார்கள். அது பெரிய கதை.

இங்கே வேண்டியது அந்த வரி ஏடுகள்தான். வாயில் வழங்கிய பட்டப் பெயரைக் குமாஸ்தா அப்படியே ஏட்டில் எழுதினார். யார்க்ஷயர் பகுதியின் 1379-ம் ஆண்டு ஏடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் வெப்ஸ்டர்களும் இருக்கிறார்கள். 1538-ல் ஒவ்வொரு மாதாகோவிலிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று அரசர் பெயரில் உத்தரவு வந்தது. அதன் பிறகு பட்டப் பெயர் அசையாமல் நின்றுவிட்டது.

வால் சொல்லும் சேதி

வெப்ஸ்டர் என்ற பெயரில் இரண்டு துண்டுகள். "வெப்" என்றால் நெசவு. சிலந்தி பின்னும் வலைக்கும் இங்கிலீஷில் அதே சொல்தான். இன்று கம்ப்யூட்டர்களை உலகம் பூராவும் இணைக்கும் வலைக்கும் அதே சொல்தான்.

பின்னால் இருக்கும் "ஸ்டர்" ஒரு வால். பழைய இங்கிலீஷில், ஒரு வேலையைச் செய்கிற பெண்ணைக் குறிக்க அந்த வாலைச் சேர்ப்பார்கள். தமிழில் நடிகன் என்றால் ஆண், நடிகை என்றால் பெண் அல்லவா? அதுபோல, நெய்கிற ஆண் "வெப்". நெய்கிற பெண் "வெப்ஸ்டர்".

இரண்டும் குடும்பப் பெயர்களாகத் தங்கின. இங்கிலாந்தின் தெற்கே "வெப்" அதிகம். வடக்கே "வெப்ஸ்டர்" அதிகம்.

இதே வால் உள்ள பெயர்கள் வேறும் உண்டு. ரொட்டி சுடுகிற ஆண் "பேக்கர்". ரொட்டி சுடுகிறவள் "பாக்ஸ்டர்". கம்பளி மயிரைச் சீவிச் சிக்கெடுக்கிறவள் "கெம்ப்ஸ்டர்". துணிக்குச் சாயம் போடுகிறவருக்கு "லிஸ்டர்". புண் சீழ்ப் பிடிக்காமல் இருக்க 1865-ல் கார்பாலிக் அமிலத்தை வைத்துக் கட்டி, ஆபரேஷன் செய்யும் முறையையே மாற்றிய டாக்டர் ஜோசப் லிஸ்டரின் பெயர், சாயப் பானையிலிருந்து வந்தது!

சாராயம் போல அல்ல, லேசான பானம்

இந்தப் பெயர்களில் பெரிய கதை உள்ளது "புரூஸ்டர்".

அக்காலத்து இங்கிலாந்தில் "ஏல்" என்று ஒரு பானம் உண்டு. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, சுடுதண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிடுவார்கள். ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் அதுதான் அன்றாட பானம். வேலைக்காரனுக்குக் கூலியோடு அதையும் கொடுப்பார்கள்.

அந்த ஏல் சில நாளில் புளித்துக் கெட்டுவிடும். அதிகமாகக் காய்ச்சி வைக்க முடியாது. தூரத்துக்கு அனுப்பவும் முடியாது. ஆகவே, அது வீட்டு வேலையாக இருந்தது. அடுப்பு இருந்தது, அண்டா இருந்தது, பெண் காய்ச்சினாள். வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்றாள். ஏல் தயார் என்றால் வாசலில் ஒரு கம்பு நட்டு, அதன் நுனியில் ஒரு கொத்துத் தழையைக் கட்டிவிடுவாள். அதுதான் விளம்பரப் பலகை! படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். ஊர்ச் சோதனைக்காரர் வந்து குடித்துப் பார்ப்பார். அளவு குறைந்தாலோ, ருசி கெட்டிருந்தாலோ அபராதம்.

அந்த அபராதக் கணக்குகளில் பெண்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஜூடித் பென்னட் என்ற சரித்திர ஆசிரியை இந்த ஏடுகளை ஆராய்ந்து 1996-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1300-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் ஏல் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்களே. 1600-ம் ஆண்டு வருவதற்குள் அந்தத் தொழில் ஆண்களின் கைக்குப் போய்விட்டது என்று அவர் காட்டினார்.

ஏன் போயிற்று? ஒரு பூவும் காரணம். "ஹாப்ஸ்" என்று ஒரு கொடி. அதன் பூவைப் போட்டுக் காய்ச்சினால் கசப்பான பானம் கிடைக்கும். அதற்குப் பெயர் பீர். அது சீக்கிரம் கெடாது. கடல் கடந்து வந்த இந்த முறை, 1400-க்குப் பிறகு இங்கிலாந்தில் பரவியது. கெடாத சரக்கு என்றால் நிறையக் காய்ச்சலாம், பீப்பாயில் அடைக்கலாம், வண்டியிலும் கப்பலிலும் ஏற்றலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும். ஆட்கள் வேண்டும். முதல் வேண்டும். கடன் வாங்க வேண்டும். மனைவியின் பெயரில் கடன் கொடுப்பார் யார்? தொழிற்சங்கத்தில் அவளுக்கு அதிகாரம் ஏது? தொழில் பெருத்தது, பெண் வெளியே வந்தாள்.

உத்தரவுகளும் வந்தன. 1540-ல் செஸ்டர் நகரத்து அதிகாரிகள், 14 வயதுக்கு மேல் 40 வயதுக்கு உட்பட்ட பெண்கள் யாரும் ஏல் கடை நடத்தக் கூடாது என்று தடை போட்டார்கள். உழைத்துச் சம்பாதிக்கிற வயது முழுவதும் அந்தத் தடைக்குள் அடங்கிவிட்டது!

தொழில் போயிற்று. பெயர் மட்டும் மிஞ்சியது. ஒரு குழாய்க்குள் கண்ணாடித் துண்டுகளைப் போட்டுத் திருப்பினால் கோலம் கோலமாகத் தெரியுமே, கலைடாஸ்கோப் என்ற அந்த விளையாட்டுச் சாமான், அதை 1816-ல் கண்டுபிடித்தவர் டேவிட் புரூஸ்டர். ஸ்காட்லாந்து விஞ்ஞானி. அவர் பெயருக்கு அர்த்தம் "ஏல் காய்ச்சுகிறவள்".

எதிர்க் கட்சிக்காரர் சொல்வது

பெயர்களை ஆராயும் பண்டிதர்கள் இந்த இடத்தில் ஒரு தடை சொல்வார்கள். தடை நியாயமானதுதான். "ஸ்டர்" என்ற வால் நாளடைவில் பெண் அடையாளத்தை இழந்துவிட்டது. முக்கியமாக வடக்கே, தறியில் உட்கார்ந்த ஆணையும் வெப்ஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். ஆகவே, இன்றுள்ள ஒவ்வொரு வெப்ஸ்டரின் மூதாதையும் ஒரு நெசவுக்காரிதான் என்று சொல்ல முடியாது.

சரி. ஆனால், இதையும் யோசிக்க வேண்டும். பெண்ணுக்கு என்று பிறந்த ஒரு சொல், அதே வேலையைச் செய்த ஆணுக்கும் ஏன் ஒட்டிக்கொண்டது? அந்த வேலையில் பெண்கள் அந்த அளவுக்கு நிறைந்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு நல்ல காரணம் தோன்றவில்லை. பெண்ணின் தொழிற்பெயரால் அழைக்கப்படுவது கேவலம் என்று அந்தக் காலத்து ஆண் நினைத்ததாகவும் தெரியவில்லை. அப்படி நினைத்திருந்தால் அந்தப் பெயரைத் தன் மகனுக்கும் கொடுத்திருப்பானா?

கேவலம் பிறகுதான் வந்தது. பிற்காலத்தில் அந்த வாலோடு பிறந்த சொற்களைப் பார்த்தால் தெரியும். ஏமாற்றுக்காரன் "ட்ரிக்ஸ்டர்". கொள்ளைக் கூட்டத்தான் "கேங்ஸ்டர்". பாவம், உழைக்கிற பெண்ணின் அடையாளம் யாரிடம் போய்ச் சேர்ந்தது!

தறியை விட்டு எழுந்திரு!

1461-ம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். நெசவாளர்கள் தங்கள் மனைவி, மகள், வேலைக்காரி யாரையும் தறியில் உட்கார வைக்கக் கூடாது. காரணம்? பெண்கள் நெய்வதால் ஆண்களுக்கு வேலை கிடைக்கவில்லையாம். யுத்தத்தில் அரசருக்குச் சேவகம் செய்யக்கூடிய ஆண்கள் வேலையில்லாமல் திரிகிறார்களாம்.

நன்றாக நெய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நெய்கிறாள், அதுதான் குற்றம்.

நூல் நூற்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அது அலுப்பான வேலை, கூலியும் குறைவு. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் தக்ளியும் கையுமாக நாள் முழுவதும் நூற்க வேண்டும். நூற்கிறவளுக்குப் பெயர் "ஸ்பின்ஸ்டர்". அதே வால்! கல்யாணம் ஆகாத பெண்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு. நாளடைவில் அந்தச் சொல்லுக்குக் "கல்யாணம் ஆகாதவள்" என்றே அர்த்தம் ஆகிவிட்டது. பத்திரத்திலும் அப்படியே எழுதினார்கள். வயது ஏறியும் கல்யாணம் ஆகாத பெண்ணைக் கேலி செய்யும் சொல்லாகவும் அது ஆயிற்று. தன் கையால் சம்பாதித்தவளின் பெயர், புருஷன் கிடைக்காதவளின் பெயராக மாறிய கதை இது. இங்கிலாந்தின் கல்யாணப் பதிவில் அந்தச் சொல்லை 2005-ம் ஆண்டில்தான் நீக்கினார்கள். இப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத் "தனி நபர்" என்ற பொருளில் ஒரே சொல்லை எழுதுகிறார்கள்.

சொத்து வந்தால் பெயர் மாறும்

கல்யாணம் ஆனால் கணவன் பெயரைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை. வழக்கம்தான். ஆனால் வழக்கத்துக்குப் பின்னால் சட்டம் நின்றது. கல்யாணம் ஆனதும் புருஷன் பெண்சாதி இருவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்று பிளாக்ஸ்டன் என்ற சட்ட நிபுணர் 1765-ல் எழுதி வைத்தார். அந்த ஒரே ஆள் யார்? புருஷன்தான்! மனைவி சம்பாதித்த கூலிகூட அவனைச் சேர்ந்தது. 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அவள் பணத்தை அவள் கையில் கொடுத்தன.

ஆனால் சொத்து பெரியதாக இருந்தால் நியாயம் தலைகீழாகிவிடும். பெர்சி என்பது இங்கிலாந்தின் பழைய பிரபு வம்சம். அந்தக் குடும்பத்துக்கு வாரிசான பெண்ணை ஹியூ ஸ்மித்சன் என்பவர் கல்யாணம் செய்துகொண்டார். ஸ்மித்சன் என்றால் "கொல்லன் மகன்". 1750-ல் பார்லிமெண்டில் சட்டம் போட்டே தன் பெயரை "பெர்சி" என்று மாற்றிக்கொண்டார். 1766-ல் டியூக் பட்டமும் வந்தது. மனைவி வழிப் பெயரை வைத்துக்கொள்வது அவமானம் என்று அப்போது யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

குடிசையிலும் தாய்வழிப் பெயர்கள் இருந்தன. இபட் என்பது இசபெல் என்ற பெண்ணின் செல்லப் பெயர். அவள் மகன் "இபட்சன்". மெட்டில்டாவின் மகன் "டிலட்சன்". "விடோசன்" என்று ஒரு பெயர் உண்டு. அதற்கு அர்த்தம் "விதவையின் மகன்". கணவன் இறந்த பிறகு ஒருத்தி பிள்ளையை வளர்த்திருக்கிறாள். ஊர் அவனை அவள் மகன் என்றே அறிந்திருக்கிறது. அந்தப் பெயரோடு 1906-ல் பிறந்தவர் எல்சி விடோசன். இரண்டாவது உலக யுத்த காலத்தில், ரேஷன் உணவு உடம்புக்குப் போதுமா என்று தானே சாப்பிட்டுச் சோதித்த பெண் விஞ்ஞானி.

ஆகவே, குடும்பப் பெயர் என்றால் ஆண் வழிச் சொத்து என்பது இயற்கை விதியும் அல்ல, சரித்திர உண்மையும் அல்ல. கணவன் பெயரை ஒரு பெண் விரும்பி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும். விரும்பாவிட்டால் விடட்டும். அது அவள் காரியம். "முன்னோர் வழக்கம்" என்று சொல்லி அவளை வற்புறுத்துவதற்கு மட்டும் இடம் இல்லை. முன்னோரில் வெப்ஸ்டரும் இருக்கிறாள், பாக்ஸ்டரும் இருக்கிறாள்.

பெயரைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. 1837-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசாங்கமே கல்யாணங்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. ஏட்டில் மணமகனின் அப்பா பெயர், அவர் தொழில், மணமகளின் அப்பா பெயர், அவர் தொழில் என்று கட்டங்கள் போட்டார்கள். அம்மாவுக்குக் கட்டமே இல்லை. பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் 1855 முதல் அம்மா பெயரையும் எழுதினார்கள். அதைப் பார்த்தும் இவர்கள் அசையவில்லை. அப்பா ஓடிப்போய், அம்மா தனியாக உழைத்துப் படிக்க வைத்த பெண்ணுக்கும் கல்யாணப் பதிவில் அந்த அப்பாவின் தொழில்தான். அம்மா பஞ்சாலையில் நாற்பது வருஷம் வேலை செய்திருந்தாலும் அதற்கு ஒரு வரி கிடையாது. ராணி விக்டோரியா அரியணை ஏறிய வருஷத்தில் தொடங்கிய இந்த வழக்கம், மனிதன் சந்திரனில் கால் வைத்த பிறகும் தொடர்ந்தது.

2019-ல் புதிய சட்டம் வந்தது. 2021-ம் ஆண்டு மே மாதம் 4-ந் தேதி அமலுக்கு வந்தது. 184 ஆண்டுகளுக்குப் பிறகு, கல்யாணப் பதிவில் அம்மாவின் பெயருக்கு இடம் கிடைத்தது. பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் உண்டு. இப்போது பதிவு அதிகாரி மணமகளைப் பார்த்து அதையும் கேட்கிறார்:

"உங்கள் அம்மாவின் தொழில் என்ன?"